மேக் வீல் நிஜமாகவே மெக்னீசியம் என்றால் யாரிடம் கொடுப்பது?

கோயம்புத்தூரிலிருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்: "பெரியப்பாவின் பழைய மினி காரோடு எட்டு ஸ்போக் வைத்த நாலு மினிலைட் வீல் கிடைத்தது. மெக்னீசியம் என்கிறார்கள். பெயின்ட் உரிந்து, உள்பக்கம் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. பக்கத்துப் பவுடர் கோட்டிங் கடையில் வீலுக்கு 2,000 ரூபாய், மூன்று நாளில் புதுசு மாதிரி தருகிறேன் என்கிறார்கள். கொடுக்கலாமா? இல்லையென்றால் சரியான ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது?"

கொடுக்காதீர்கள். அந்தக் கடைக்காரர் மேல் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. சாதாரண அலாய் வீலுக்கு அவர் சொல்கிற முறை சரிதான். ஆனால் உங்களிடம் இருப்பது நிஜமான மெக்னீசியம் என்றால், அந்த மூன்று நாளில் முதல் நாள் மத்தியானமே வீல் கெட்டுவிடும். முப்பது வருஷம் மெட்டல் ஃபினிஷிங் தொழிலில் இருந்தவன், அதில் பாதி பெங்களூரில் விமான உதிரிபாகங்களோடு. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் அது மெக்னீசியம்தானா என்று பார்த்துவிடுங்கள். பைக் ஷோரூமில் "ஸ்போக் வீலா, மேக் வீலா" என்று கேட்கிறார்களே, அந்த மேக் வீல் எல்லாமே அலுமினியம். அமெரிக்க ரேஸ் கார்களுக்கு ஹாலிபிராண்ட் போன்றவர்கள் மெக்னீசியத்தில் வார்த்துக் கொடுத்த காலத்தில் வந்த பெயர் அது. அதே தோற்றத்தில் அலுமினிய வீல் மலிவாக வந்தபோது உலோகம் போய்விட்டது, பெயர் தங்கிவிட்டது. மினிலைட்டிலும் இதே கதைதான். 1960களில் பிரிட்டனில் மினிக்காக வந்த அசல் வீல் மெக்னீசிய வார்ப்பு. பிஎம்சி கம்பெனியின் ராலி மினிகளில் ஓடியது அதுதான். பின்னால் அதே உருவத்தில் அலுமினியத்தில் வந்தவை ஏராளம். பெரியப்பா எதை வாங்கினார் என்பது வெறும் கண்ணுக்குத் தெரியாது.

கைக்குத் தெரியும். அலுமினியம் கன சென்டிமீட்டருக்கு 2.7 கிராம், மெக்னீசியம் 1.74. ஒரே அளவு வீலில் மூன்றில் ஒரு பங்கு எடை குறையும். ஆனால் பக்கத்தில் வைத்துத் தூக்கிப் பார்க்க இன்னொரு வீல் இருக்காது என்பதால், எலுமிச்சம்பழம் போதும். வீலின் உள்பக்கம், ஹப்பில் உட்காராத ஓர் இடத்தில், ஒரு ரூபாய் காசு அளவுக்குப் பெயின்டைச் சுரண்டி உலோகம் பளிச்சென்று தெரிய வையுங்கள். அடியில் மஞ்சள் கலந்த பழுப்பாக ஒரு படலம் இருந்தால் அதையும் எடுத்துவிட வேண்டும், அது பழைய குரோமேட் பூச்சு. ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுங்கள். அலுமினியம் என்றால் சாறு சும்மா நிற்கும். மெக்னீசியம் என்றால் சில நொடியில் பொடிப்பொடியாகக் குமிழ் கிளம்பி, சொட்டு சோடா மாதிரி நுரைக்கும். அந்த இடம் சாம்பல் நிறமாகும். உடனே தண்ணீர் விட்டுக் கழுவி, ஆப்ப சோடா கரைத்த துணியால் துடைத்து, காய வைத்துவிடுங்கள்.

இந்த ஒரு சொட்டில் நடந்ததுதான் பவுடர் கோட்டிங் கடையில் தொட்டி அளவில் நடக்கும். நம் ஊர்க் கடைகளில் "செவன் டேங்க் பிராசஸ்" என்று போர்டிலேயே எழுதியிருப்பார்கள். எண்ணெய் எடுக்க ஒரு தொட்டி, கழுவ ஒன்று, அடுத்தது துரு எடுக்கிற தொட்டி. அதில் இருப்பது அமிலம். இரும்பு ஜன்னல் கம்பிக்கு வைத்தது. பல வருஷத்துக்கு முன்னால் எனக்குத் தெரிந்த ஒருவர் அவசரப்பட்டு ஒரு பழைய ரேஸ் கார் வீலை அப்படி ஒரு கடையில் கொடுத்துவிட்டு, நீங்களும் வாருங்கள் பார்க்கலாம் என்று என்னைக் கூப்பிட்டார். நான் போவதற்குள் தொட்டிக்குள் இறக்கிவிட்டார்கள். பொங்கல் பானை மாதிரி நுரை விளிம்பு தாண்டி வழிந்தது. அந்த நுரை முழுக்க ஹைட்ரஜன். ஆறடி தள்ளி ஒரு பையன் கிரைண்டர் போட்டுக்கொண்டிருந்தான். நான் போட்ட சத்தத்தில் அவன் நிறுத்தினான், வீலைத் தூக்கினார்கள். ஸ்போக் எல்லாம் கரையான் அரித்த மரம் போல் ஆகியிருந்தது. கடைக்காரர் பாவம், "இப்படி ஒரு அலாய் வீலை நான் பார்த்ததே இல்லைங்க" என்றார். உண்மையாகத்தான் சொன்னார். அங்கேதான் எல்லாமே அடங்கியிருக்கிறது: அவர் கெட்டவர் இல்லை, பார்த்ததில்லை.

ஆகவே நீங்கள் தேட வேண்டியது மெக்னீசியத்தைப் பார்த்து எங்கே பயப்பட வேண்டும் என்று தெரிந்தவரை. "எல்லாம் பண்ணிடலாம் சார்" என்பவர் இந்த வேலைக்கு வேண்டாம். போனில் பேசும்போது நீங்கள் கேட்பதைவிட அவர் உங்களைக் கேட்பதைக் கவனியுங்கள். என்ன கம்பெனி வார்ப்பு, எந்த வருஷம், எத்தனை முறை பெயின்ட் ஆகியிருக்கிறது, எங்காவது வெல்டிங் வைத்திருக்கிறதா, ரோட்டில் ஓட்டப் போகிறீர்களா, காட்சிக்கா என்று கேட்கிறாரா? என்ன கலர் வேண்டும் என்பதை முதல் கேள்வியாகக் கேட்டால் வேறு ஆளைப் பார்க்கலாம்.

நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி: பெயின்டை எதால் எடுப்பீர்கள்? இதில் ஒரு விசித்திரம் உண்டு. அலுமினியத்துக்குக் காஸ்டிக் சோடா ஆகாது, கரைத்துவிடும். மெக்னீசியத்துக்கு நேர்மாறு: காஸ்டிக் தாங்கும், அமிலம் தாங்காது. இரண்டு உலோகத்தையும் ஒரே வழியில் சுத்தம் செய்கிறேன் என்பவருக்கு இரண்டில் ஒன்று தெரியவில்லை என்று அர்த்தம். காரம் கலந்த ஸ்ட்ரிப்பர், அல்லது மெக்னீசியத்துக்கு ஆகும் என்று தயாரிப்பாளரே சொல்கிற ஸ்ட்ரிப்பர் என்று பதில் வர வேண்டும். வெள்ளைப் பூப்பை எடுக்க மட்டும் குரோமிக் அமிலம் பயன்படுத்துவார்கள். அது பூப்பைக் கரைத்து உலோகத்தை விட்டுவைக்கும் விதிவிலக்கு. "ஓவனில் போட்டு எரித்துவிடுவோம்" என்று பதில் வந்தால் வீலை டிக்கியிலிருந்து இறக்கவே வேண்டாம். பழைய பவுடரை எரிக்கிற ஓவன் 400 டிகிரி செல்சியஸ் பக்கம் ஓடும். அந்தச் சூட்டில் வார்ப்பாலையில் வெப்பப் பதமாக ஏற்றிய உறுதி இறங்கிப் போகும், வெளியே பார்க்க ஒன்றும் தெரியாது. அலுமினிய வீலுக்கும் இது கெடுதல்தான்.

அடுத்து பிளாஸ்டிங், அதாவது காற்றழுத்தத்தில் பொடியை வீசி அடித்து மேற்பரப்பைச் சுத்தம் செய்வது. எந்தப் பொடி போடுகிறீர்கள், அதே கேபினில் இரும்பும் அடிக்கிறீர்களா என்று கேளுங்கள். காரில் இருக்கிற உலோகங்களிலேயே மெக்னீசியம்தான் ஏமாளி. எந்த உலோகத்தோடு ஈரத்தில் சேர்ந்தாலும் அரிபடுவது அதுதான். ஸ்டீல் ஷாட் போட்டு அடித்தால், அல்லது நேற்று இரும்பு கேட் அடித்த அதே பொடியில் இன்று இதை அடித்தால், ஆயிரக்கணக்கான இரும்புத் துணுக்குகள் தோலில் புதைந்துவிடும். ஒவ்வொரு துணுக்கும் ஒரு குட்டி பேட்டரி. மேலே பெயின்ட் ஜம்மென்று இருக்கும்; இரண்டு மழைக்காலம் போனதும் அடியிலிருந்து கொப்புளம் கிளம்பும், நகத்தால் தட்டினால் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைத் தூள் கொட்டும். புதிய அலுமினா அல்லது கண்ணாடி மணி, குறைந்த காற்றழுத்தம், இதற்கென்றே தனிக் கேபின் என்று பதில் வர வேண்டும். பிளாஸ்டிங் முடிந்து தோலில் ஒட்டியதை நீக்க ஒரு பிக்கிளிங் (ரசாயனக் குளியலில் மேல்தோலை மெலிதாகக் கரைத்து எடுப்பது) செய்வோம் என்று அவரே சேர்த்துச் சொன்னால், ஆள் விஷயம் தெரிந்தவர்.

தனிக் கேபினுக்கு இன்னொரு காரணம் நெருப்பு. முழு வீல் தீக்குச்சிக்குப் பற்றாது, அந்தப் பயம் வேண்டாம். ஆனால் லேத் சுருளும் பஃபிங் தூளும் பற்றும். பற்றினால் தண்ணீர் ஊற்றக் கூடாது, ஹைட்ரஜன் கிளம்பி இன்னும் கொழுந்துவிடும். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரும் உதவாது, அதற்குள்ளேயே மெக்னீசியம் எரியும். 1955 லெ மான்ஸ் பந்தயத்தில் பியர் லெவெக் ஓட்டிய மெர்சிடிஸ் 300 எஸ்எல்ஆர் கூட்டத்துக்குள் பாய்ந்தபோது 80 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்தக் காரின் உடல் எலெக்ட்ரான் என்ற மெக்னீசியக் கலவை. தண்ணீர் ஊற்றியும் மணிக்கணக்கில் எரிந்தது. ஆகவே பட்டறைக்கு நேரில் போங்கள், சுவரைப் பாருங்கள். உலர்ந்த மணல் வாளியோ உலோகத் தீக்கான டி வகைப் பவுடர் சிலிண்டரோ இருக்கிறதா? பஃபிங் மெஷின் அடியில் இரும்புத் தூளும் அலுமினியத் தூளும் கலந்து குவிந்திருக்கிறதா? இந்த இரண்டையும் பார்க்க ஐந்து நிமிஷம் போதும். அவருடைய வெப்சைட் போட்டோக்களில் இது தெரியாது.

உரித்த பிறகு பெயின்டுக்கு முன்னால் செய்கிற வேலையில்தான் தரம் இருக்கிறது. வெறும் மெக்னீசியத்தின் மேல் நேராகப் பவுடர் அடித்தால் பிடிக்காது. ரசாயனக் குளியலில் ஒரு மாற்றுப் படலம் ஏற்ற வேண்டும். பழைய முறை குரோமேட். இன்று மின்சாரத்தால் மேற்பரப்பையே பீங்கான் போல் கடினமாக்கும் பிளாஸ்மா முறை இருக்கிறது. கெரோனைட், டேக்னைட் என்றெல்லாம் பெயர். கிடைத்தால் அதுவே மேல். குரோமேட் என்றால் ஆறிணைதிறன் குரோமியம், விஷம். அந்தத் தொட்டி வைத்திருப்பவர் கழிவுநீருக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு வாங்கியிருக்க வேண்டும். அந்தக் காகிதத்தைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். படலம் ஏறியதும் அதே நாளில் எபாக்சி பிரைமர் விழுந்தாக வேண்டும். "வெள்ளிக்கிழமை உரித்து வைத்துவிட்டு, திங்கட்கிழமை பெயின்டர் வருவார்" என்கிற கதை நவம்பர் மாதத்தில் நடந்தால், திங்கட்கிழமை புதிதாகப் பூத்திருக்கும்.

வார்ப்பு வீலில் நுண்துளைகள் உண்டு. பவுடரை 200 டிகிரியில் சுடும்போது அந்தத் துளைக்காற்று கிளம்பி, தோசையில் ஓட்டை விழுகிற மாதிரி பூச்சில் ஓட்டை போடும். அந்த ஓட்டை வழியாக ஈரம் போகும். விமானத் துறையில் இதற்கு வார்ப்பைச் சூடாக்கி, எபாக்சியில் முக்கி, வடியவிட்டுச் சுடுவார்கள், மூன்று சுற்று. ஹெலிகாப்டர் கியர்பாக்ஸ் கூடுகளுக்கு நாங்கள் செய்தது அதுதான். வீலுக்கு அவ்வளவு வேண்டாம் என்றாலும், பவுடருக்கு முன் ஒருமுறை வெறுமனே சுட்டுக் காற்றை வெளியேற்றுகிறாரா என்று கேளுங்கள். டைமண்ட் கட் போட்டு, வெறும் உலோகம் பளபளக்க மேலே லேக்கர் மட்டும் அடித்துத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பார்க்க அழகு, மெக்னீசியத்தில் நிற்காது.

இனி விரிசல். என்னைக் கேட்டால் பெயின்டைவிட இதற்குத்தான் பணம் கொடுக்க வேண்டும். ஐம்பது வருஷத்துக்கு மேலான வீல். பட்டறைகளில் டிபி டெஸ்ட் என்பார்கள்: சிவப்புச் சாயத்தைப் பூசி, துடைத்து, வெள்ளை டெவலப்பர் அடித்தால் விரிசலுக்குள் புகுந்த சாயம் கோடாக வெளியே கசியும். ஸ்போக் ஹப்போடு சேரும் மூலை, நட் உட்காரும் துளையின் விளிம்பு, இந்த இரண்டு இடத்தில் கண்ணை வையுங்கள். இந்த டெஸ்ட்டை ரசாயனத்தால் உரித்தபின், பிளாஸ்டிங்குக்கு முன் செய்ய வேண்டும். மென்மையான உலோகம், பிளாஸ்டிங் அடி விரிசலின் வாயை மூடிவிடும். பிறகு டெஸ்ட் பண்ணினால் எல்லா வீலும் பாஸ். வரிசையை மாற்றிச் சொல்கிறாரா என்று பாருங்கள். வசதி இருந்தால் எக்ஸ்ரேயும் எடுக்கலாம்.

விரிசல் தெரிந்தால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். ஸ்போக்கிலோ ஹப்பிலோ விரிசல் என்றால் "இதைத் தொட மாட்டேன், ஓட்டாதீர்கள்" என்பதே சரியான பதில். ரிம்மின் ஓர விளிம்பில் ஒரு சின்ன உடைசலை ஆர்கான் வெல்டிங்கில் அடைக்கலாம். ஆனால் அதே இனக் கம்பி வேண்டும், வெல்டிங் முடிந்ததும் 260 டிகிரியில் ஒரு மணி நேரம் போல வைத்து உள்ளழுத்தத்தை எடுக்க வேண்டும். அலுமினியம் கலந்த மெக்னீசியத்தில் அந்த அழுத்தம் மிச்சமிருந்தால், வீல் சும்மா நின்றபடியே நாளடைவில் வெடிப்பு விடும். பெண்ட் எடுப்பது இன்னும் மோசம். மெக்னீசியத்தின் படிக அமைப்பு குளிர்ந்த நிலையில் வளைந்து கொடுக்காது. 200 டிகிரிக்கு மேல் சூடானால்தான் இளகும். நம் ஊரில் ஜாக்கி வைத்து அமுக்கிப் பெண்ட் எடுக்கிற கடையில் இது வளையாது, உடையும். உடையாவிட்டால் இன்னும் ஆபத்து, ஏனென்றால் பாதி உடைந்ததை நீங்கள் ஓட்டுவீர்கள்.

சரி, இப்படி ஓர் ஆள் எங்கே இருக்கிறார்? "மேக் வீல் ரிப்பேர்" என்று தேடினால் கிடைக்க மாட்டார். கார் பக்கம் தேடாமல் விமானப் பக்கம் தேடுங்கள். பெங்களூரில் விமானம் செய்கிற அரசு நிறுவனமான ஹெச்ஏஎல்லின் வார்ப்பாலை மெக்னீசியம் வார்க்கிறது. அந்தத் துறைக்கு வேலை செய்து கொடுக்கும் தனியார் மேற்பரப்புப் பட்டறைகளும் டெஸ்ட் லேபுகளும் அதைச் சுற்றி இருக்கின்றன. சின்ன வேலை, தனி ஆள் என்றால் பலர் மறுப்பார்கள். பழைய ரேஸ் கார் என்றதும் மனசு இறங்குகிறவரும் இருப்பார், நான் பார்த்திருக்கிறேன். கோவையிலேயே டிபி டெஸ்ட்டும் எக்ஸ்ரேயும் செய்கிற லேபுகளுக்குப் பஞ்சமில்லை, வார்ப்பட ஊர் ஆயிற்றே; அந்தப் பாதியை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். பூச்சு விஷயத்தில் சந்தேகம் வந்தால், காரைக்குடியில் சிக்ரி என்று நாம் சொல்லும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அரிமானம்தான் தொழில். வீலுக்குப் பெயின்ட் அடித்துத் தர மாட்டார்கள், எழுதிக் கேட்பதில் தப்பில்லை.

வேறு வழி பிரிட்டனுக்கோ இத்தாலிக்கோ அனுப்புவது. பழைய மினியும் காம்பக்னோலோ வீல் போட்ட இத்தாலிய கார்களும் அங்கே இன்னும் ஓடுவதால், மெக்னீசிய வீலையே தொழிலாகச் செய்கிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். அனுப்புவதென்றால் ஏற்றுமதி ஆவணத்திலேயே "ரிப்பேர் செய்து திரும்பி வரும்" என்று பதிவு செய்து, ஒவ்வொரு வீலின் வார்ப்பு எண்ணையும் போட்டோவோடு இணையுங்கள். அடையாளம் நிரூபணமானால், திரும்பும்போது ரிப்பேர் செலவு, இருவழிச் சரக்குக் கட்டணம், இன்சூரன்ஸ் இவற்றின் மேல்தான் சுங்க வரி வரும். அந்தப் பதிவு இல்லாவிட்டால் புதுப் பொருள் இறக்குமதி என்று கணக்குப் போட்டுவிடுவார்கள்.

யாரிடம் கொடுத்தாலும் நாலு வீலையும் ஒன்றாகக் கொடுக்காதீர்கள். மோசமான ஒன்றை முதலில் கொடுங்கள். ஒவ்வொரு வீலுக்கும் தனி டெஸ்ட் ரிப்போர்ட், உரித்த நிலையில் போட்டோ, என்ன பூச்சு, எத்தனை டிகிரியில் எவ்வளவு நேரம் சுட்டது என்று எழுதி வாங்குங்கள். அதை எழுதித் தரத் தயங்குகிறவர் அளந்து வேலை செய்யவில்லை.

வீல் வந்த பிறகு நீங்கள் கெடுக்காமல் இருக்க வேண்டும். ஹப்பில் பூட்டும்போது காப்பர் கிரீஸ் தடவுகிற மெக்கானிக்கைத் தடுத்துவிடுங்கள். செம்பும் மெக்னீசியமும் ஆகவே ஆகாது. இரு உலோகம் தொடும் இடத்துக்கென்றே டியூராலாக் மாதிரிப் பசை இருக்கிறது. பேலன்சிங் வெயிட் ஒட்டுகிற வகை மட்டும். விளிம்பில் கடிக்கிற கிளிப் முதல் நாளே பெயின்டைக் கிழிக்கும். டயர் கடையில் இரும்பு லீவரைப் போட்டு நெம்ப விடாதீர்கள். பளபளப்பு வேண்டும் என்று யாராவது பித்தளைக் குத்துவிளக்குக்குப் புளி போடுகிற மாதிரி போட்டுத் தேய்த்தால், எலுமிச்சைச் சொட்டு செய்ததை அது வீல் முழுக்கச் செய்யும். கடையில் விற்கிற வீல் கிளீனர் பலவற்றிலும் அமிலம் உண்டு. வெறும் தண்ணீர், உலர்ந்த துணி, அவ்வளவுதான்.

என் சொந்த அபிப்பிராயம் கேட்டால், டெஸ்ட்டில் பாஸ் ஆனாலும் அவிநாசி ரோட்டுப் பள்ளங்களில் தினமும் ஓட்ட இந்த வீலைப் போட மாட்டேன். ஓட்டுவதற்கு அதே தோற்றத்தில் அலுமினிய செட் ஒன்று வாங்கிக்கொண்டு, பெரியப்பாவின் வீலைக் கண்காட்சி நாளைக்கு மாட்டுவேன். பத்து அங்குல வீல், சின்னக் குழிகூட அதற்குப் பெரிய குழி.

முதல் வேலையாக எலுமிச்சம்பழத்தை நறுக்குங்கள். நுரைக்கவில்லை என்றால் மேலே எழுதியதில் பாதி உங்களுக்குத் தேவைப்படாது. அந்த 2,000 ரூபாய் கடைக்கே போங்கள். பழைய பெயின்டை எரித்து எடுக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு வாருங்கள்.